பியானோ நின்ற இடம்

ஜனவரி 9, வியாழன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவிட்டு, வாளியில் ஒரு கை சோப்புச் சீவலைப் போட்டு அதன் மேல் ஊற்றினேன். காபிகூட அப்புறம்தான். சீவல் கரைந்து கஞ்சி மாதிரி ஆகும்வரை கலக்கிக்கொண்டு நின்றேன். வெளியே இருட்டு. இந்த மாதத்தில் எட்டரைக்கு மேல்தான் விடிகிறது.

பக்கத்தில் இன்னொரு வாளி, வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பில் நனைத்த துணியால் பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மற்றத் துணியால் அழுக்கைத் துடைத்தெடுத்து, அலசி, ஒட்டப் பிழிய வேண்டும். மரத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. கை தானாகச் செய்கிறது, நான் யோசிக்க வேண்டியதில்லை. அதுதான் பிடித்திருக்கிறதோ?

கூடம் முழுக்கத் துடைக்கவில்லை. பியானோ நின்ற இடத்தை மட்டும்.

என் கணவன் எஸ்கில் அக்டோபரில் வீட்டை விட்டுப் போனபோது பியானோவையும் கொண்டுபோனான். அது நின்ற இடத்தில் ஓக் பலகை தேன் நிறத்தில் இருக்கிறது. சோப்பே படாத மரம். சுற்றிலும் வருடக்கணக்காகக் கழுவிக் கழுவிப் பாலாடை நிறத்துக்கு வெளுத்த தரை. கூடத்துக்குள் வரும் எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. பிறகு என் முகத்துக்கு வருகிறது.

ஏன் போகிறாய் என்று அன்று கேட்டேன். "சந்தோஷம் இல்லைன்னு சொல்லல, மெரேத. எதுவுமே இல்ல. அவ்வளவுதான்" என்றான். வேறு பெண் யாரும் இல்லை. ஓடென்ஸ் நகரத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் எடுத்திருந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

ஜனவரி 12, ஞாயிறு

விபேகே வந்தாள். எஸ்கிலின் அக்கா, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. தம்பி போன பிறகும் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. தம்பியின் ஃப்ளாட்டுக்கு இதுவரை போகவும் இல்லை. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, தரை ஈரமா என்று குனிந்து பார்த்து, சுவரோரமாகவே நடந்து சமையலறைக்கு வந்தாள். சோப்பு காயும் முன்னால் நடுவில் நடந்தால் தடம் நின்றுவிடும். இந்த வீட்டு மனிதர்கள் எல்லோரும் சுவரோரம் நடந்து பழகியவர்கள்.

"இன்னிக்கும் அதே இடமா? அவன் பியானோவை மட்டும்தான் தூக்கிட்டுப் போனான். நீ அது நின்ன இடத்தை தினமும் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே."

"கலர் ஒண்ணாகணும்ல."

"உக்காந்து ஒரு தடவை அழு. சோப்பாவது மிச்சமாகும்."

சிரித்தேன். சிரிப்பு வருகிறது. அது மட்டும் வருகிறது.

ஜனவரி 20, திங்கள்

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கு ஒரு பழைய மாலுமி வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஹெட்போனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் சத்தத்தை நிறுத்தினேன். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"இப்ப என்ன கேட்டுச்சு உங்களுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலம்மா. ஆனா இந்நேரம் கேட்டிருக்கணுமேன்னு தோணுச்சு."

இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை. வெளியே பெஞ்சில் மனைவி காத்திருப்பாள். நல்லபடியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை.

ஜனவரி 28, செவ்வாய்

தரகர் யெப்பெ வந்து வீட்டை அளந்தார். நல்ல மனிதர். காலணியைக் கழற்றியதும் கட்டைவிரல் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தது, அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டே பேசினார்.

"வீடு அருமையா இருக்குங்க. தரைதான் கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு. மெஷின் விட்டு இழைச்சு, ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சிட்டோம்னா விளம்பரப் படத்துல மின்னும். அந்தச் சதுரமும் போயிடும்."

எஸ்கில் போனில் இருந்தான். "அவர் சொல்றபடி செஞ்சிடலாம், மெரேத" என்றான்.

இந்த வீட்டை என் சம்பளத்தில் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அவனாலும் முடியாது. இருவர் சேர்ந்தால்தான் முடியும், அதனால் விற்கிறோம். சண்டை இல்லை, குரல் உயரவில்லை. எவ்வளவு அழகாகப் பிரிகிறீர்கள் என்று எங்களைப் பாராட்டுகிறார்கள்.

ஆனால் வார்னிஷ் என்றதும் வாய் தானாகப் பேசியது. "படம் எடுக்கிற வரைக்கும் டயம் குடுங்க. நானே ஒண்ணாக்கிடறேன்."

யெப்பெ தலையைச் சொறிந்தார். "மாசக் கடைசி வரைக்கும்னா — பிப்ரவரி கடைசி. அப்பவும் தெரிஞ்சா மெஷின்தாங்க."

வார்னிஷ் அடித்த மரத்துக்குள் சோப்பு இறங்காது. மேலே ஒரு கண்ணாடி போட்ட மாதிரி. அடியில் என்ன இருந்தாலும் யாரும் அதைத் தொட முடியாது.

பிப்ரவரி 3

இன்று பனி. சதுரத்தின் ஓரங்கள் மங்கிவிட்டன.

பிப்ரவரி 14, வெள்ளி

கோபன்ஹேகனிலிருந்து மகள் சிசெல் வந்திருக்கிறாள். மத்தியானமே வந்து, நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் எனக்கு ஒரு உதவி செய்து வைத்திருந்தாள். கதவைத் திறந்ததுமே பீட்ரூட் ஊறுகாய் வாசனை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"வினிகர் போட்டியா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே? கூடம் முழுக்கத் துடைச்சிட்டேன். கெமிக்கல் எதுவும் தொடல. நல்லா பளிச்சுனு ஆகும்னு நெட்டுல போட்டிருந்தாங்க."

நல்லதுதான், வார்னிஷ் அடித்த தரைக்கு. வினிகரும் இயற்கை, சோப்பும் இயற்கை. தனித்தனியாக இரண்டும் யாருக்கும் கெடுதல் செய்யாதவை. ஆனால் எங்கள் தரைக்குள் ஊறியிருப்பது அத்தனையும் சோப்பு. அதன் மேல் புளிப்புப் பட்டால் பால் திரிகிற மாதிரி திரிந்து, கொழுப்பு மட்டும் மேலே வந்துவிடும். விளக்கைப் போட்டேன். கூடம் முழுக்கச் சாம்பல் திட்டுகள். காலுறை தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

சிசெலின் முகம் மாறியது. "கெடுத்துட்டேனா?"

"இல்லடா. கழுவினா போயிடும்."

"மாசக் கடைசிக்குள்ள?"

"போயிடும்."

"ஏம்மா நீ திட்டவே மாட்டேங்கறே? அப்பா போனப்பவும் இப்படித்தான் கையைக் கட்டிக்கிட்டு நின்னே. ஒரு தடவை திட்டேன். யாரையாவது."

திட்டணும்னுதான் நின்னேன். உள்ள தேடிப் பாத்தேன் — ஒண்ணும் அகப்படல. என்ன ஆச்சு எனக்கு?

பிப்ரவரி 16, ஞாயிறு

விபேகே வந்து குனிந்து, தரையை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தாள்.

"வினிகரை ஹெர்ரிங் மீன் ஊறுகாய்க்கு வச்சுக்கோ, கண்ணு. அத்தைக்குக்கூடத் தெரியும். யுனிவர்சிட்டியில இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?"

"நான் அரசியல் படிக்கிறேன், அத்தை."

"அதான் ஒத்துவராத ரெண்டையும் சேத்து வச்சுட்டு, எல்லாம் சரியாயிடும்னு நம்பியிருக்கே."

சிசெல் அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு இரண்டும் சுலபமாக வருகிறது. மூன்று பேருமாகச் சன்னலோரத்திலிருந்து ஆரம்பித்தோம். வெந்நீரில் கெட்டியாகச் சோப்புக் கரைத்துத் தேய்த்து, மேலே வரும் பிசுக்கை உடனே துடைத்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ரயிலுக்கு நேரமாகும்வரை தேய்த்தாள் பாவம்.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். அடுத்த சனிக்கிழமை வந்து உதவி செய்யறேன்னாரு."

பிப்ரவரி 18

எதிர்வீட்டுப் பூனை ஈரத்தில் நடந்துவிட்டது. அதற்கு மட்டும் சுவரோரம் தெரியாது.

பிப்ரவரி 22, சனி

எஸ்கில் வந்தான். மணி அடித்தான் — சாவி அவனிடம் இருக்கிறது, ஆனாலும் அடித்தான். காலணியைக் கழற்றினான். அவனுடைய வீட்டுச் செருப்பு முன்பு மாட்டியிருந்த வெறும் ஆணியை ஒரு கணம் பார்த்தான். பிறகு, தரை காய்ந்துதான் இருந்தது, என்றாலும் சுவரோரமாக நடந்து வந்தான்.

பையிலிருந்து கம்பிப் பஞ்சை எடுத்தான். "இது போட்டா சட்டுனு வந்துடும்."

"இரும்பு வேண்டாம். ஈரத்துல தூள் உதிர்ந்தா ஓக் கறுத்துடும்."

"ஆமால்ல. மறந்தே போச்சு."

எப்போதும்போல நான் சோப்பு, அவன் அலசல். சொல்லிக்கொள்ளவில்லை, அவரவர் வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டோம். நான் தேய்த்துப் பின்னால் நகர நகர அவன் துடைத்துக்கொண்டு வந்தான். என் கை எங்கே நிற்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நல்ல தம்பதி.

"என் ஃப்ளாட்டுல வார்னிஷ் தரை" என்றான் துணியைப் பிழிந்தபடி. "வாரத்துக்கு ஒரு தடவை ஒரு இழுப்பு, முடிஞ்சது. நம்மகிட்ட எதுவும் கேக்காது. முதல்ல நிம்மதியா இருந்துச்சு. இப்ப... என்னமோ ஹோட்டல்ல இருக்கற மாதிரி இருக்கு."

நான் அடுத்த பலகைக்கு நகர்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் பிசுக்கு போய்விட்டது. தேய்த்த தேய்ப்பில் அந்தத் தேன் நிறச் சதுரமும் போய்விட்டது. எஸ்கில் எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே சாய்ந்து பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"பாத்தியா? எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடுச்சு."

கம்பு ரொட்டியும் ஈரல் பேஸ்ட்டும் வைத்தேன், காபி போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "விக்க வேண்டாம்னு யெப்பெகிட்ட சொல்லிடலாமா? பியானோவைத் திரும்பக் கொண்டாந்துடறேன்."

பியானோவை என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"நீ யோசிச்சு எப்பவும் சரின்னுதான் சொல்வே" என்று சிரித்தான். கேலியாக அல்ல, பிரியமாகத்தான். "வெள்ளிக்கிழமை போன் பண்றேன்."

பிப்ரவரி 23, ஞாயிறு

சிசெல் போனில்: "சரின்னு சொல்லிடும்மா. நான் வினிகர் ஊத்தினதுல ஒரு நல்லது நடக்கட்டும்."

விபேகே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று: "அவன் வந்துட்டா நான் சந்தோஷப்படுவேன். அதைச் சொல்லாம இருக்க முடியாது, என் தம்பி. ஆனா நீ அதைக் கணக்குல எடுத்துக்காதே."

இருவருக்கும் தலையாட்டினேன். சரி என்றால் வீடு தங்கும். சன்னலோரத்து வெளிச்சம், இந்தப் பலகைகள், வேலிக்கு அந்தப் பக்கம் விபேகே, எல்லாம் தங்கும். வேண்டாம் என்றால் எல்லாம் போகும். கணக்கு எளிதாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

அந்த மாலுமி காதுக் கருவி வாங்க வந்தார். பொருத்தியதும் அறைக்குள் சுற்றும்முற்றும் பார்த்தார். வெளியே பெஞ்சில் மனைவி தன் கோட்டின் ஜிப்பை இழுத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. "இது என்ன இவ்வளவு சத்தம்?" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு.

மத்தியானம் யாரும் இல்லாதபோது நான் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஹெட்போனைப் போட்டுக்கொள்ளவில்லை. சும்மா.

சனிக்கிழமை எனக்கு என்ன கேட்டது? பியானோவைத் திரும்பக் கொண்டு வருகிறேன் என்றபோது ஏதாவது கேட்டிருக்க வேண்டும். ஒரு சின்னச் சத்தமாவது. சரி என்று சொல்லவிருந்தேன் — கேட்டிருக்கணுமேன்னு தோன்றியதால்.

கேட்டது ஒன்றே ஒன்று. எதுவுமே நடக்காத மாதிரி.

நடந்துச்சு, எஸ்கில். நாலு ஆளு வந்து தூக்கிட்டுப் போனாங்க. நான் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், இடிக்காம பாத்துக்கோங்கன்னு சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். அப்புறம் தினமும் அந்த இடத்தைத் தேய்ச்சு, தேய்ச்சு — யாருக்காக அழிச்சேன் அதை? நீ வந்து பார்த்து நிம்மதியா இருக்கறதுக்கா?

எழுத்து கோணலாகிவிட்டது. கோணலாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு காலையில் கூடம் முழுக்க நானே கழுவினேன். சோப்பு வாளிக்கும் அலசல் வாளிக்கும் மாறி மாறித் தவழ்ந்தேன். வெயில் தரைவரை வந்திருந்தது, இந்த வருடம் முதல் தடவையாக. ஒரே நிறம். எங்கே பியானோ நின்றது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

வாளிகளை எடுத்து வைத்துவிட்டு, காலுறையைக் கழற்றிவிட்டு, காயும்வரை காத்திருக்காமல் கூடத்தின் நடுவே நடந்தேன். கதவிலிருந்து சன்னல்வரை. கால் சில்லிட்டது. உள்ளங்காலில் ஆரம்பித்து முழங்கால்வரை குளிர் ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபது வருடத்தில் நான் அங்கே ஈரத்தில் நடந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். ஐந்து விரலும் தெரியும் தடங்கள், பியானோ நின்ற இடத்தின் குறுக்காக. துடைக்கவில்லை.

மத்தியானம் விபேகே, தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு பண்டிகைக்கான கிரீம் பன்களோடு வந்தாள், அதுவரை பொறுக்கவில்லையாம். வாசலிலேயே நின்றாள்.

"தரை ஈரமா?"

"காஞ்சிடுச்சு. நடுவுலேயே வா."

வந்தாள். பாதியில் நின்று கீழே பார்த்தாள். "யாரு இது, குறுக்கே நடந்தது?"

"நான்தான்."

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தட்டு எங்கே என்று கேட்டாள். உதட்டில் கிரீமோடு, யெப்பெ படம் எடுக்க வரும்போது இதை என்ன செய்யப் போகிறாய் என்றாள். மெஷின் விட்டு இழைக்கட்டும் என்றேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு பன்னை என் தட்டில் வைத்தாள்.

நாளை எஸ்கில் போன் செய்வான். திரும்பி வர வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். விபேகேயிடம் சொல்லவில்லை, சிசெலிடமும் சொல்லவில்லை. இப்போதைக்கு இந்தத் தரைக்கு மட்டும்தான் தெரியும்.