வாட்டர் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்த கிளிப்

வாட்டர் ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது மக்கா. உப்புத் தண்ணீரும் பழைய ஆயிலும் ஊறிக் கலந்த வாடை. நீ இருந்தவரை நம் மெக்கானிக் ஷெட்டுக்கே அதுதான் வாசனை. நேற்று ஷெட்டுக் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன்.

உன்னோடு கடலுக்குள் போய், நீ இல்லாமல் மிதந்து வந்த வண்டி அது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை இனி ஓட்டும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. எஞ்சினில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி நடுவில் நின்றிருக்கும், தள்ளிக்கொண்டு வர நீ இறங்கியிருப்பாய், அலை இழுத்திருக்கும் என்று கோவளத்தில் எல்லோரும் சொன்னார்கள். உன் மனைவியும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "எஞ்சின் நின்னதுனாலதானே அண்ணே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். நிற்கவில்லை என்றால் நீயாகவே இறங்கினாய் என்றாகிவிடும்.

அடியில் தேங்கிய சேற்றை வழித்தபோது ஒரு போல்ட் தலையும், மோதிரம்போல் வளைந்த கம்பி கிளிப் ஒன்றும் சிக்கின. சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவாயா? ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். போல்ட் தலையைத் துடைத்ததுமே தெரிந்துவிட்டது. பேட்டரிப் பட்டையை முறுக்கும்போது நான் உடைத்தது. "ஒன் கையில கொடுத்தா ஆனையும் ஒடிஞ்சிரும்லே" என்று நீ அன்று பூராவும் கிண்டல் பண்ணினாய்.

கிளிப்பை எடுத்துக்கொண்டு தம்பானூரில் உள்ள ஸ்பேர் கடைக்குப் போனேன். மலையாளிக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பிஸ்டன்லே பின்னைப் பிடிச்சு நிக்கிற கிளிப்பு தன்னே அண்ணாச்சி. இது ஊரிக் கழண்டுபோச்சுன்னா எஞ்சின் அப்பவே நின்னுடும், கேட்டோ" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில்தான்.

வந்ததும் எஞ்சினைத் திறந்தேன். இரண்டு பிஸ்டனிலும் எல்லா கிளிப்பும் இருந்த இடத்தில் இருந்தன. எல்லாம் புதுசு. நீ மாட்டுகிறபடியே வாய் கீழ்நோக்கி. "கழட்டுன கிளிப்பத் திருப்பி மாட்டுறவன் மெக்கானிக்கே இல்லலே" என்று சொல்லிப் பழையதை எங்காவது சுண்டிவிடுவாயே, நான் கண்டெடுத்தது அதில் ஒன்று. பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. மூடி, புது பேட்டரி வைத்து, நல்ல பெட்ரோல் ஊற்றி, பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே எடுத்தது. ஒரு தடவைகூடத் திணறவில்லை. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

ஏன் மக்கா? அன்று காலை என் புட்டுக்கும் சேர்த்து நீதான் காசு கொடுத்தாய். நாகர்கோவில் கல்யாணத்துக்கு எந்த ரயிலில் போகலாம் என்று கேட்டாய். அந்தப் பேச்சையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று மத்தியானம் உன் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். "ஏதாச்சும் கெடச்சுதா அண்ணே?"

கிளிப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இதுதாம்மா. இது கழண்டு எஞ்சின் நின்னுட்டு. வேற ஒண்ணுமில்ல."

வெகுநேரம் அழுதாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "இத்தன வருசம் இதே வேல பாத்த மனுசன், இந்தச் சின்னக் கம்பிய ஒழுங்கா மாட்டலியே அண்ணே!"

உன் கைவேலையைக் குறை சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. "ஆமாம்மா, கவனிக்காம விட்டுட்டான்" என்றேன்.

இனி பிள்ளைகளிடமும் அவள் அப்படித்தான் சொல்லுவாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். நீ சரியாகத்தான் மாட்டியிருந்தாய் மக்கா. அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.