காலில் செருப்பு இருந்தால் ஆபீஸ்

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று ஒருவர், பிரிட்ஜ் ராப்பகலாக உறுமுகிறது என்று ஒருவர். வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன், வாயில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". நடுநடுவே எழுந்து துணி காயப்போட்டேன், பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்தேன், அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அத்தை தன் மகளிடம், அதாவது என் நாத்தனாரிடம், போனில் சொல்வது காதில் விழுந்தது: "அவளுக்கென்ன, வீட்டுலதான இருக்கா."

வீட்டுலதான் இருக்கேன். அதுதான் வினையே.

மார்ச் 5, புதன்

இன்று மதியம் சாப்பிட்டேனா? நினைவில்லை. பாத்திரம் கழுவியது நினைவிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எழுதவே கூசுகிறது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் காதைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "அம்மா, காது ரொம்ப வலிக்குதும்மா." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்:

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அத்தையிடம் போய்விட்டாள். அத்தைதான் முழங்கால் வலியோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

என்ன பொழப்புடி இது? பெத்த பிள்ளைகிட்ட கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி — த்தூ.

மார்ச் 9, ஞாயிறு

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பார்கள். ஹாலில் ஒரு மேசையைத்தான் இந்த வேலைக்குக் கொடுத்தேன். அது சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது, கட்டில் வரை வந்தது, இப்போது வாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. வீடும் சளைத்ததில்லை, ஆபீஸுக்குள் நினைத்தபோதெல்லாம் வந்துபோகிறது. நடுவில் ஒரு கதவு வேண்டும். இருக்கிற இரண்டு அறையில் கதவுக்கு எங்கே போவது?

அலமாரிக்கு அடியில் என் பழைய ஆபீஸ் செருப்பு கிடைத்தது. கறுப்பு, குதிகால் கொஞ்சம் உயரம். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

தலை வாரி, செருப்பை மாட்டி, டக் டக்கென்று ஹாலைக் கடந்து மேசையில் உட்கார்ந்தேன். அறிவித்தும் விட்டேன். காலில் செருப்பு இருந்தால் நான் வீட்டில் இல்லை. கழற்றிவிட்டால் ஆபீஸில் இல்லை.

அத்தை மோவாயில் கைவைத்தார். "வீட்டுக்குள்ள செருப்பா? நடு ஹால்லயா?"

"கழுவித்தான் போட்டிருக்கேன் அத்தை. இது இனிமே தெருவை மிதிக்காது."

"எங்க காலத்துல—"

"சாயங்காலம் சொல்லுங்க. உக்காந்து கேக்கறேன்."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டூல் பையோடு நழுவிவிட்டார். லிப்ட் பழுதுபார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது?

மார்ச் 11, செவ்வாய்

அத்தை உரிக்கவேண்டிய பட்டாணியோடு வந்தார். குனிந்து என் காலைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். பார்சல்காரர் மணி அடித்தார், நான் எழவில்லை. எழாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா!

மார்ச் 13, வியாழன்

மதியம் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சோறு சூடாக இருந்தது. எத்தனை நாளாச்சு!

அதற்குள் போன். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் புள்ளிக்காரர். கம்ப்யூட்டரில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்தால் அவருக்கு மூச்சு முட்டிவிடும்.

"என்னம்மா, புள்ளியக் காணோம்?"

"சாப்பிடறேன் சார்."

"சாப்பிட்டுக்கிட்டே ஒரு புகாரைப் பாக்கலாமே?"

"பாக்கலாம் சார். ஆனா பாக்க மாட்டேன்."

போனை வைத்தேன். சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மாலை, செருப்பைக் கழற்றிவிட்டு மகளோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புள்ளிக்காரர். "ஒரே ஒரு புகார்மா, அஞ்சே நிமிஷம்." அவருடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? "ஆபீஸ் மூடியாச்சு சார். காலையில முதல் வேலை அதுதான்" என்றேன்.

"வீட்டுலேருந்து வேலை செய்யறது நாங்க குடுத்த சலுகை. இப்படியே பண்ணினீங்கன்னா மாசக் கடைசியில யோசிக்க வேண்டியிருக்கும். பேசாம ஆபீஸுக்கே வந்துடுங்க."

ஆபீஸ் ஊரின் மறுகோடியில். விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகு வரவேண்டும். மகள் வீடு திரும்பும்போது நான் இருக்க மாட்டேன். கடைக்கும் மற்றதுக்கும் தினமும் மாடிப்படி ஏறி இறங்க அத்தையின் முழங்கால் விடாது. அப்படியென்றால் வேலையை விடவேண்டியதுதான். விடவும் மனமில்லை. கத்திக்கொண்டே கூப்பிடுகிற மனிதர், மெஷின் ஓடத் தொடங்கியதும் "அட, ஓடுதும்மா!" என்பாரே, அது எனக்குப் பிடிக்கும்.

பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

மார்ச் 21, வெள்ளி

அத்தை இன்று வெடித்துவிட்டார். "நீ செருப்பை மாட்டிக்கிட்டுத் தப்பிச்சுக்கற. மிச்ச வேலையெல்லாம் யார் தலையில? எனக்கு எந்தச் செருப்பு?"

சுள்ளென்று கோபம் வந்தது.

என்ன பெரிசா சொல்லிட்டாங்க? — சரியாத்தான் சொல்லிட்டாங்க. அதுதான் சுடுது.

மார்ச் 23, ஞாயிறு

காலைச் சமையல் இனி கணவர் பொறுப்பு. "லிப்டை விடவா கஷ்டம்?" என்றார். அடுப்படியில் கருகல் வாடை. கஷ்டம்தான் போல.

மார்ச் 28, வெள்ளி

புள்ளிக்காரர் கூப்பிட்டார். குழுத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று போன வருடத்திலிருந்து பேச்சு. இல்லையாம். "எப்பவும் கூப்பிட்டா எடுக்கற ஆள் வேணும்மா."

"அப்ப அது நான் இல்ல சார்."

வேண்டாவெறுப்பாக இன்னொன்றும் சொன்னார்: நான் முடித்த புகார் எதுவும் இந்த மாதம் திரும்பி வரவில்லையாம். மற்றவர்களுக்குப் பாதி திரும்பி வருகிறதாம். "வீட்டுலேருந்தே பாருங்க" என்று வைத்துவிட்டார்.

பதவி போனது வலிக்கிறது. இல்லை என்று இங்கேகூடப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செருப்பைக் கழற்றியாச்சு. திங்கட்கிழமை மாட்டிக்கொண்டு மிச்சத்துக்கு வருத்தப்படுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மாலை செருப்பைக் கழற்றி வாசல் ஓரம் வைத்துவிட்டு வந்தேன். சமையலறையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால், அத்தை காலில் புத்தம் புதிய நீல ரப்பர் செருப்பு!

யாரையும் பார்க்காமல் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். கையைத் துடைத்தார். வாசல் வரை நடந்து, நீலச் செருப்பைக் கழற்றி என் கறுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த கணவர் பழக்க தோஷத்தில், "அம்மா, ஒரு டீ?" என்றார்.

"ஆபீஸ் மூடியாச்சுப்பா."

அவர் என்னைப் பார்த்தார். "இங்கேயும்தான்" என்று நான் என் வெறுங்காலைக் காட்டினேன்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்பா" என்றாள்.

டீ அவர்தான் போட்டார். சர்க்கரை தூக்கல். அத்தையும் நானும் உட்கார்ந்த இடத்திலேயே குடித்தோம்.