மழைப் பாட்டுக்கு எத்தனை கட்டை?

ஆண்டர்சன்பேட்டையில் மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் படைத்த என் ஃபிலோ அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்பாய். பாதி அதுதான். மீதிப் பாதி பயம். உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் ஊர்ச் சேதி. உன்னைக் கட்டிய மாமா சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், நடக்கத்தான் மாட்டேன் என்கிறார். நான் இன்னும் நாலு குரூப்பிலும் கிடார் வாசிக்கிறேன். ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசைக்கு. சனிக்கிழமை பெங்களூரில் ஒரு ஓட்டலில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பழைய இங்கிலீஷ் பாட்டு. விநாயகர் சதுர்த்தி, ராஜ்யோத்சவம் என்று வந்தால் கோலார் கன்னட குரூப். கல்யாண ரிசப்ஷன் என்றால் நம் குரூப், நீ இருபத்தைந்து வருஷம் பாடிய குரூப். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னாலும் பரவால்ல, நீ நாலு எடத்துல வெக்கிறியேடா, உனக்கு இருக்கிறதே ரெண்டு கால்தானே" என்பாயே, நிலைமை இன்னும் அப்படியேதான்.

சில காலைகளில் கண் விழிக்கும்போது இன்று எந்த குரூப் என்று சட்டென நினைவுக்கு வராது. நான் எழுவதற்கு முன்பே இடது கை போர்வையின் மேல் ஏதோ ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். விரல்கள் போகிற வழியைப் பார்த்துத்தான், ஓகோ, இன்று பங்காரப்பேட்டை ரிசப்ஷன், சிவப்பு யூனிஃபார்ம் சட்டை என்று தெரிந்துகொள்வேன். ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சைனைடு மேடு பனியில் கரைந்து வானத்தோடு சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் நீ இல்லை என்பதும் எனக்கு நினைவிருக்காது. எத்தனை நிமிஷம் அப்படியே கிடக்க முடியும் என்று பார்ப்பேன். பால்காரர் மணி அடித்துவிடுவார்.

உனக்குத் தெரியாததா, ஒரே பாட்டு நாலு குரூப்பில் நாலு சுருதியில் இருக்கும். பாடுகிறவரின் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் பாட்டும் நிற்க வேண்டும். கிடார்காரன் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பாடுகிறவர் முகத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்விடும். உன் முகம் என்றால் மழைப் பாட்டு ஆறு கட்டை. ஏதோ ஒரு பழைய சினிமாப் பாட்டுதான், ஆனால் நம் பக்கத்து ரிசப்ஷன்களில் அதன் அசல் பெயரே மறந்துபோய் 'ஃபிலோக்காவின் மழைப் பாட்டு' என்று ஆகிவிட்டது. முதலில் கொஞ்ச நேரம் கிடார் மட்டும் தனியாகப் போகும், பிறகுதான் பாட்டு. நான் எந்தச் சுருதியில் தொடங்குகிறேனோ, அதில்தான் மொத்த குரூப்பும் வந்து சேர்ந்தாக வேண்டும். நான் செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது.

உன் இடத்துக்கு ரூபா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். மாரிகுப்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலையிடத்தில் கன்னடம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, தினமும் ரயில்தான். நன்றாகப் பாடுகிறாள், அக்கா. உன் குரல் கணீரென்று மேலே நிற்கும். இவளுடையது தணிந்த குரல், பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும். எல்லாப் பாட்டிலும் தேறிவிட்டாள். மழைப் பாட்டில் மட்டும் மூன்று மேடையிலும் குரல் உடைந்தது.

மூன்றாவது தடவை முளபாகிலில். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "ஃபிலோ பாடி கேட்டிருக்கணும் நீங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் மேடைக்குக் கேட்டது. ரூபா மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் மணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். கீபோர்டும் அவர்தான், குரூப்பை நடத்துவதும் இன்னும் அவர்தான்.

"பொண்ணு நல்லாதான் பாடுது, ஜெரி. இந்த ஒரு பாட்டுலதான் வுழுந்துடுது. அந்தப் பாட்டு இல்லாம நம்மள யாரு கூப்புடுவாங்க? பேத்தமங்களா புரோக்ராம் வரிக்கும் பாக்கலாம். அதுலயும் சரி வரலன்னா வேற ஆள்தான் தேடணும்." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "சுருதிய கொஞ்சம் எறக்கினா இன்னா?"

"அக்கா பாடின சுருதிண்ணா அது. அத மாத்த வேணாம்."

உன் பெயரைச் சொன்ன பிறகு அவர் என்ன பேசுவார்? டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரி, அப்போ நீயே பாத்துக்கோ" என்று போய்விட்டார்.

நான் சொன்னது பொய். அவருக்கும் அது தெரியும்.

பங்காரப்பேட்டை மண்டபத்துப் பின்பக்கம், சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? "மூச்சு பத்தலடா. இன்னிக்கி ஒரு லெவல் எறங்கிக்கலாம். யாருக்கும் சொல்லாத" என்றாய். லெவல் என்பது அப்பா கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய காலத்து வார்த்தை. நம் வீட்டில் மாடிப்படிக்கும் காய்ச்சலுக்கும்கூட லெவல்தான். அன்று ஆறிலிருந்து ஐந்தரைக்கு வந்தேன். மணி அண்ணன் ஒரு விநாடி என்னை நிமிர்ந்து பார்த்தார், கீபோர்டில் சுருதி மாற்றும் பட்டனைத் தட்டினார், அவ்வளவுதான். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஐந்து கட்டை. அப்புறம் நாலரை. அப்போதெல்லாம் நீ எதுவும் சொல்லவில்லை. மேடைக்கு முன்னால் டீ குடிக்கும்போது நீ பேசுகிற பேச்சைக் கேட்பேன், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும், அங்கே போய்த் தொடங்குவேன். நீ திரும்பி ஒருமுறை பார்ப்பாய். நன்றி சொல்வதெல்லாம் நமக்குள் எந்தக் காலத்தில் இருந்தது?

நீ நோயோடு பாடிய அந்த ஒரு வருஷத்தை நான் மறக்க நினைத்தேன், அக்கா. ஒவ்வொரு அரைக் கட்டையும் எனக்கு ஓர் ஆஸ்பத்திரி வாசனை. அதனால் நீ போன பிறகு கை நேராக ஆறு கட்டைக்கே ஓடிவிட்டது. அங்கே நீ நைலெக்ஸ் புடவையும் கனகாம்பரமுமாக இளம்பெண்ணாக நிற்கிறாய், ஒரு தடவைகூட இருமியதில்லை. அங்கே நிற்க முடியாத ஒரு பெண்ணை மூன்று மேடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் குரல் உடைந்தபோதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று திருப்திப்பட்டது. பார்த்தீர்களா, என் அக்கா இடத்தில் யாராலும் நிற்க முடியவில்லை என்று. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் சனிக்கிழமை பெங்களூர் ஓட்டல் வாசிப்புக்காகக் காலை ரயிலில் ஏறினேன். பனி இன்னும் விலகவில்லை. மாரிகுப்பத்தில் வண்டி காலியாகத்தான் நிற்கும், உனக்குத் தெரியுமே. கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தேன். ரூபா வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. வண்டி நகர்ந்ததும் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"ஸ்வல்ப இத கேளுங்க அண்ணா." கொஞ்சம் என்பதற்கு அவள் வாயில் கன்னடம்தான் வரும்.

நீதான் பாடிக்கொண்டிருந்தாய். மழைப் பாட்டு. உன் கடைசி ரிசப்ஷனில் மாமா போனில் எடுத்த வீடியோ. பாட்டுப் படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு ரூபா அவரிடமிருந்து வாங்கியிருக்கிறாள். வெளியே வேலிக்காத்தான் புதர்கள் பனிக்குள்ளிருந்து வந்து வந்து போயின. ஒரு காதில் ரயில், இன்னொரு காதில் நீ. நான் எந்த ஊரில் எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"இதுல அக்கா பாடுறது நாலரை கட்டைதானே? நீங்க எனக்கு ஆறு கட்டையில எடுக்கிறீங்க. அக்காவோட சுருதின்னு மணி அண்ணா சொன்னாரு. நான் வீட்ல போட்டுப் போட்டுப் பாத்தேன், ஒத்தே வரல." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஏதோ உதைக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "நீங்க இப்போ யாருக்கு வாசிக்கிறீங்கண்ணா?"

நான் இயர்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வீடியோவில் என் கிடாரைக் கேட்டேன். நீ ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சை இழுத்துச் சேர்க்கிறாய், அதுவரைக்கும் கிடார் ஓர் ஓரமாக நின்று காத்திருக்கிறது. நீ அடி எடுத்து வைத்ததும் கூடவே வருகிறது. எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன், இவ்வளவு நன்றாக எப்போதும் வாசித்ததில்லை. எந்த வருஷத்தை மறக்கப் பார்த்தேனோ, அந்த வருஷம்தான் நான் உன்னை உண்மையாகக் கேட்டுக்கொண்டு வாசித்த வருஷம். பங்காரப்பேட்டை வந்துபோனதுகூட எனக்குத் தெரியாது.

பெங்களூரில் இறங்கும்போதுதான், "சாயங்காலம் வீட்டுக்கு வாம்மா. உனக்கு எங்க நிக்குதுன்னு பாக்கலாம்" என்றேன். "மன்னிச்சுக்கோ" என்றும் சொன்னேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை.

முன்னறையில் உட்கார்ந்து தேடினோம். உன் நாலரையில் வரும் என்று நினைத்தேன், அதிலும் அவளுக்கு மேலே இழுத்தது. மூன்று கட்டையில் கீழ் வரிகள் காணாமல் போயின. நாலு கட்டையில் சரியாக வந்து உட்கார்ந்தது. நீ எந்த வயதிலும் பாடாத சுருதி, அக்கா. கிடார்காரனுக்குப் பொல்லாத இடம், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். வலித்தது. இத்தனை நாள் அவள் தொண்டை பட்டதற்கு என் விரல் கொஞ்சம் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மாலை பேத்தமங்களாவில் ரிசப்ஷன். மண்டபத்துக்குப் பின்னால் ஏரி, இன்னும் வெளிச்சம் இருந்தது, காற்று வந்து மேடைத் துணிகளையெல்லாம் தூக்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மாமா. மழைப் பாட்டு என்று அறிவித்ததும் கூட்டத்தில் யாரோ உன் பெயரைச் சொன்னார்கள். நாலு கட்டையில் தொடங்கினேன். மணி அண்ணன் என்னைப் பார்த்தார், பட்டனைத் தட்டினார். நான் ரூபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவள் மூச்சு எடுத்தாள், நான் காத்திருந்தேன், அவள் பாடத் தொடங்கினாள்.

எங்கேயும் உடையவில்லை. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. மேடைக்கு நடுவில் பச்சைப் புடவையில் ரூபா நின்று பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுக்குள் உன்னைத் தேடினேன், நீ இல்லை. உன்னை மண்ணில் வைத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, கல் மாதிரி நிற்கிறான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நேற்று வாசித்துக்கொண்டே அழுதேன். கண் மறைத்தது, ஆனால் ஒரு இடமும் தப்பாமல் வாசித்தேன். நீ போய்விட்டாய் என்பதை நேற்றுதான் ஒத்துக்கொண்டேன், அக்கா.

இறங்கும்போது மணி அண்ணன் ரூபாவிடம் அடுத்த மாதத்துப் புரோக்ராம்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அவளிடம் வந்து, "நல்லா பாடினம்மா" என்றார். உன்னோடு ஒப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. பிறகு என் தோளைப் பிடித்தபடி ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தார். நடக்கவே மாட்டேன் என்கிற மனிதர்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்த குரூப்பாக இருந்தாலும், யார் பாடினாலும், அவர்கள் குரல் எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கம்பியில் கை வைப்பேன். உன் ஆறு கட்டையை இனி யார் தலையிலும் கட்ட மாட்டேன். உன்னை விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. உன்னைக் கேட்ட மாதிரியே மற்றவர்களையும் கேட்கப் போகிறேன், வேறொன்றும் இல்லை.

உன் கூடப்பிறந்த தம்பி,
ஜெரி