பீன்ஸ் பானை யார் வீட்டுடையது

கான்கார்ட்,
ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள லைமனுக்குப் பாட்டி எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நலம். நீ கைபேசியைக் குளத்தில் எறிந்துவிட்டதால் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான், பிழைகளைப் பொறுத்துக்கொள்.

உன் அம்மா அரிசோனாவிலிருந்து பேசினாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். நேற்று நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று சனிக்கிழமை. முந்தின நாளே ஊறவைத்து வேகவைத்த பீன்ஸ் பயறு, பழுப்பு ரொட்டி, துவைத்த சட்டைகள் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு உன் காட்டுக் குடிசைக்கு வந்தேன். உன் பேச்சைக் கேட்க வந்த பாஸ்டன்காரர்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பானையை வாங்கி நடுவில் வைத்துவிட்டு, நம் ஊர்ப் பழைய ஞானிகளைப் பற்றிப் பேசினாய். கடந்தநிலைவாதம் என்கிற அவர்கள் கொள்கையின் பெயர் என் நாக்கில் புரளாது. விஷயம் புரிந்தது. மரத்திலும் குளத்திலும் நம்முள்ளும் இருப்பது ஒரே கடவுள். ஊர் வாய்க்குப் பயப்படாமல் உள்ளே பேசும் குரலுக்கு உண்மையாக இரு. கதவோரம் நின்ற எனக்கே கண் கலங்கியது. நீ யாரையும் அண்டி வாழவில்லை என்றும் சொன்னாய். அவர்கள் பானையை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் தொப்பிக்காரி ஒருத்தி, "இவங்க யாரு?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே நீ சொன்னாய்: "பக்கத்துப் பண்ணைக்காரம்மா. அப்பப்ப ஏதாவது கொண்டாந்து குடுப்பாங்க."

"அப்ப எங்க வீட்டுக்கும் கொண்டாருவீங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "அதுக்கென்னம்மா" என்று நானும் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வீடு வரும்வரை அழவில்லை. கண்ணாடியில் என் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்று தேவாலய வாசலில் அந்த ஊர்வம்புக்காரி வில்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரன் யார் தயவும் இல்லாம வாழறானாமே, மியூரியல்? சட்டை தானா துவைச்சுக்குதா?" நான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் உப்பு அதிகம் என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு நான் பதில் சொல்வதில்லை. நேரே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏழு வயதில் என் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துப் பூனைமேல் பழி போட்டாயே, அதையே நான் மறக்கவில்லை. துவைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஞானிகளுக்கும் யாரோ துவைத்துப் போட்டிருப்பார்கள். தொப்பிக்காரி கேட்ட அந்த நொடியில் உன் உள்ளே பேசும் குரல் என்ன சொன்னது? அது மட்டும் தெரியவேண்டும்.

வரும் சனிக்கிழமை நான் வரமாட்டேன். பீன்ஸ் வெந்து மேசைமேல் இருக்கும். நீயே வந்து எடுத்துப் போ. பானை மூடியில் விரிசல், பார்த்துப் பிடி. கம்பளிக் காலுறைகளைத் துவைத்த துணிகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். குளத்தங்கரைக் காற்று உன் நெஞ்சுக்கு ஆகாது. கடவுள் உன்னைக் காக்கட்டும். யார் வீட்டுப் பானை என்று அங்கே யாராவது கேட்டால், சொல்லிவிடப்பா.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்றவள்,
மியூரியல்