லட்சத்து எண்ணூறு

மாண்ட்ரீல்,
22-1-1973

அன்புள்ள அப்பாவுக்கு கோமதி வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் வீட்டில் கூடியவர்கள்: நாங்கள் இருவர், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் உமாபதி, அவர் மனைவி அனுசூயா, ரமாவும் அவள் கணவரும், டாக்டர் மணிவாசகம். ஆக ஏழு பேர். இந்த ஊரில் நமக்குக் கோயில் இல்லாததால், சிவராத்திரிக்குள் எல்லோருமாக லட்சம் முறை சிவநாமம் சொல்ல நினைத்தோம். ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 14,285 வந்து, ஐந்து மிஞ்சியது. அந்த ஐந்துக்குத்தான் சண்டை!

“அந்த அஞ்சும் எனக்கு. நான்தான் முதல்ல கேட்டேன்” என்றாள் அனுசூயா.

“உனக்கு மட்டும் தனிக் கைலாசமா?” என்றாள் ரமா.

“எனக்கு டியூட்டி வந்தா ஆறு பேர்தான்” என்றார் டாக்டர். ஆறாகப் பிரித்தால் நான்கு மிஞ்சியது.

“ஆயிரத்தெட்டை நூறு தடவை சொல்லலாமே. லட்சத்து எண்ணூறு ஆகும்” என்றேன் நான்.

உமாபதி வகுத்துப் பார்த்தார். ஏழு பேருக்கு 14,400. ஆறு பேருக்கு 16,800.

“ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எத்தனை பேர் வந்தாலும் மிச்சமே விழாதுங்க!” என்று கைதட்டினார். உங்கள் மாப்பிள்ளை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை அப்பா.

ஆனால் லட்சம் என்று நினைத்துவிட்டு எண்ணூறு கூட்டலாமா? கேட்க இங்கே குருக்கள் இல்லை. நம் கோயிலில் விசாரித்து எழுதுங்கள். அதுவரை யாரும் தொடங்கப் போவதில்லை. இரண்டு பொட்டலம் விபூதியும் வேண்டும். கடிதத்தில் இடம் விடாமல் ஊர்ச் செய்தி எழுதுங்கள். தபால் நேரமாகிவிட்டது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

கோமதி