அதிர்ஷ்டம் என்று நீ சொன்ன புள்ளிகள்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று ஊருக்கே தைலம் விற்கிறவர் தனக்கு மட்டும் தடவிக்கொள்ள மாட்டேன் என்கிறார். அக்கா புது வீட்டுக்குப் போய்விட்டாள், மாடிப்படி செங்குத்தாக இருக்கிறதாம், ஏறும்போதெல்லாம் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்றே என்னைப் பாதியில் இறக்கிவிட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கருத்தரங்கில் பேசிய வீடியோவை எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர், அதுதான் நம் வால்வு மாமா, முதல் ஆளாக நாற்காலி போட்டுக்கொண்டு நம்ம புள்ள பேசுறதப் பாருங்க என்று எல்லோரையும் அதட்டி உட்கார வைத்தார். நன்றாகத்தான் பேசினாய். கடைசியில் ஒருவர் எழுந்து, படிகத் தகட்டில் புள்ளிகள் இவ்வளவு வட்டமாக வந்தது எப்படி, யார் வளர்த்தது என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, அதிர்ஷ்டம்தான், நல்ல தகடாக அமைந்துவிட்டது என்றாய். அரங்கமே சிரித்தது. வால்வு மாமா என் பக்கம் திரும்பவில்லை, எழுந்து போய் ஓடாத பம்பை அணைத்துவிட்டு வந்தார். உன் கட்டுரையில் தகடு வளர்த்துக் கொடுத்த என் பெயர் ஏன் இல்லை என்று முன்பே கேட்டேன். சொந்த அம்மா பேரப் போட்டா, அம்மா செஞ்சு குடுத்ததை வச்சுப் பட்டம் வாங்கினான்னு சொல்லுவாங்கம்மா, நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன் என்றாய். புரிந்துகொண்டேன். அக்கா கேட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டையே எடுக்காதவன், சமைச்சது யாருன்னா சொல்லப் போறான் என்றாள். அவளை நான்தான் அடக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ விசாரிக்கவே இல்லை. படிகம் வளர்க்கும் எந்திரத்தை என் பொறுப்பிலேயே விடுவதா, வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஓட்டக் கொடுப்பதா என்று இயக்குநர் கூட்டம் போட்டார். கணக்கு அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொன்னேன். படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி, பொட்டு மாதிரி, அதன் மேல் லேசரைப் பாய்ச்சினால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ஒளித்துகள்கள் வரும், பொட்டு சரியான வட்டமாக இருந்தால் அவை எந்தத் திசையில் அதிர்கின்றன என்பது அளக்கும்வரை முடிவாகாது, ஒன்றை அளந்தால் மற்றதன் கதையும் அதனோடு முடிந்துவிடும், அந்தப் பிணைப்புதான் எல்லோருக்கும் வேண்டியது, பொட்டு ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டாலும் திசைக்குத் திசை ஆற்றல் மாறிக் குட்டு வெளிப்பட்டுவிடும், பிணைப்பு கெடும் என்றேன். வட்டமாக வர வேண்டுமானால் காலியம் என்ற உலோகத் துளிகளை விடுமுன் எந்திரத்தின் அறைக்குள் மிச்சம் நிற்கும் ஆர்செனிக் ஆவி அடங்க வேண்டும், செய்முறைக் குறிப்பில் இருக்கும் நேரம் போதாது, அழுத்தக் காட்டியைப் பார்த்தபடி நான் காத்திருக்கிறேன், ஒரே நாளில் நாலு தகடு இறக்கப் பார்க்கிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உங்க பையனே அதிர்ஷ்டம்னு சொல்லிட்டாரேம்மா, அதிர்ஷ்டத்துக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு என்றார். உன் அரங்கம் சிரித்த மாதிரியே இங்கேயும் சிரித்தார்கள். அன்றைக்கே உன்னை அழைத்து, அது அதிர்ஷ்டம் இல்லை என்று அவருக்கு ஒரு வரி எழுது என்று கேட்டேன், இப்ப எழுதினா சிபாரிசு மாதிரி இருக்கும்மா, கொஞ்சம் பொறு என்றாய். நீ பொறுக்கச் சொன்ன நாட்களில் அவர்கள் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள்.

போன வாரம் எந்திரத்தை ஒப்படைத்துவிட்டேன். இப்போது ரசாயனக் கிடங்கில் இருக்கிறேன், புட்டிகளில் காலாவதித் தேதி பார்ப்பது என் வேலை. ஒப்படைக்குமுன் கடைசியாக ஒரு தகடு வளர்த்தேன், அளந்து பார்த்த ஆராய்ச்சிப் பிள்ளைகள் மறுபடியும் அதே வட்டம் என்றார்கள். அப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்து, நீயும் உன் புள்ளையும் அந்த ஒளி ஜோடி மாதிரிதான், எங்க இருந்தாலும் ஒண்ணோட மனசு ஒண்ணுக்குத் தெரியும் என்றார். அந்த ஜோடியில் ஒன்றால் இன்னொன்றுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்ப முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று உன் செய்தி வந்தது. பழைய துண்டு குளிரூட்டும்போது விரிசல் விட்டுவிட்டது, புதுத் தகட்டுல ஒரு துண்டு அனுப்பும்மா, அவசரம் என்று எழுதியிருக்கிறாய். புதுத் தகடு இருப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது, அதை வளர்த்தவள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. தகடு பத்திரமாக இருக்கிறது, உனக்கு அனுப்பப் போவதில்லை. கம்பெனிக்கு எழுது, அவர்கள் வளர்த்துக் கொடுப்பார்கள், எப்படி வருகிறது என்று பார். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுவது இது. உனக்கு உடம்புக்கு முடியாவிட்டால் சொல், கிடைத்த வண்டியில் ஏறி வருவேன். அம்மாவிடம் நீ எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் இந்தத் தகடு உன் அம்மாவுடையது அல்ல, எந்திரத்தின் முன்னால் காத்திருந்த ஒருத்தியுடையது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று நீதான் ஊரறியச் சொன்னாய், இல்லாதவளிடம் போய் எப்படிக் கேட்பாய்?

உன் வேலை கெட வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்க மாட்டேன், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. லேசர் எரியும்போது பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்காதே, வீடியோவிலேயே பார்த்தேன். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன்
அம்மா