நுரையில் கலக்காத பொடி

நிலவு, தென்முனை நிலையம். எழுதுபவர்: வாகீசன், வேதியியலர். இங்கே இப்போது நான் ஒருவன்தான்.

முதல் நாள், காலை
காற்றழுத்தம் சரி. வெப்பக் குழாய் சரி. படுக்கையறைச் சுவரில் மயிரிழை விரிசல். பாலியூரிதேன் நுரை பீய்ச்சி அடைக்க வேண்டும். பக்கத்திலேயே சூடான குழாய். வெறும் நுரை பற்றிக்கொள்ளும். தீத்தடுப்புக்கான பாஸ்பரஸ் பொடி கலந்தால் பற்றாது. பொடி கையிருப்பில் உண்டு. ஆனால் அந்தக் கலவைக்கு வேறொரு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருக்கிறது. தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றுவதுதானே, இதில் கண்டுபிடிப்பு என்ன என்று எங்கள் நிறுவனம் வழக்காடுகிறது. கலக்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள், மாலை
தரைக்கட்டுப்பாட்டு இன்னாசி: "தும்முறதுக்கும் லெட்டர் போடுவீங்களா சார்? வக்கீலம்மா பேசுறாங்க, கேளுங்க."
வழக்கறிஞர் திலகராணி: "ஐயா, செய்யுங்கன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தா, நாங்க சொல்லிக் கொடுத்ததா ஆயிடும். சத்தியம் பண்ணாத கடிதம் சாட்சியாகாது. வழக்கை விசாரிக்கிற நடுவர்கள் கேமராவில் பாக்குறாங்க. உங்களுக்கா தோணினதைச் செய்யுங்க."

இரண்டாம் நாள்
அழுத்தம் குறைகிறது. காது அடைக்கிறது. பொடியை இரண்டு முறை எடுத்தேன், வைத்தேன். இவ்வளவு எளிது என்றால் காப்புரிமை ஏன் கொடுத்தார்கள்? படித்தவர்கள் ஆராய்ந்துதானே கொடுத்திருப்பார்கள்? என் கணக்கில்தான் பிழை இருக்கும். பொடி நுரையைப் பலவீனமாக்கலாம். கையேட்டில் வெறும் நுரை என்றே இருக்கிறது.
கையேட்டின்படி அடைத்தேன். அழுத்தம் குறைவது நின்றது. சற்று நிம்மதி.

மூன்றாம் நாள்
பற்றிக்கொண்டது. கதவை அடைத்துவிட்டுக் கிடங்கில் இருக்கிறேன். இடுக்கு வழியே புகை வருகிறது. நுரைப் புகையில் சயனைடு இருக்கும். மீட்புக் கலம் வர நாளாகும்.
இன்னாசி: "ஏன் சார்... பொடி பக்கத்துலதானே இருந்துச்சு... ஏன் சார்?"

மூன்றாம் நாள், பிறகு
திலகராணி தீர்ப்பை வாசித்தார்: "நீண்ட அனுபவமுள்ள நிபுணர், உயிர் போகும் நிலையிலும், பொருள் அருகிலிருந்தும் கலக்கவில்லை. எனவே இது எவருக்கும் தோன்றக்கூடியது அல்ல. காப்புரிமை செல்லும்."
பிறகு சொன்னார்: "மேல்முறையீடு போறோம். முதல் நாளே தோணுச்சுன்னு சத்தியம் பண்ணி ஒரு வாக்குமூலம் வேணும், ஐயா. நினைவு இருக்கும்போதே கொடுத்திடுங்க."

எழுத்து இரண்டாகத் தெரிகிறது. பதில் அனுப்பிவிட்டேன். அதன் நகல்:
"அம்மா, வாக்குமூலத்துக்கு ஏதேனும் படிவம் உண்டா? பிழையாக எழுதிவிடக் கூடாது. காத்திரு